வாக்யூமா, பக்கவாதமா: மகளின் சி.பி.க்குக் காரணம் தேடியபோது

குழந்தைக்கு சி.பி. (செரிப்ரல் பால்சி, வளரும் மூளையில் ஏற்பட்ட பாதிப்பால் கைகால் அசைவில் வரும் குறைபாடு) என்று தெரிந்ததும் வீட்டில் எழும் முதல் கேள்வி "இனி என்ன செய்யலாம்" என்பதாக இருக்காது. "யார் இப்படிப் பண்ணியது" என்பதாகத்தான் இருக்கும். எங்கள் வீட்டில் பதிலும் தயாராக இருந்தது: வாக்யூம். வலி வந்து நேரம் போய்க்கொண்டே இருந்தது, தலை இறங்கவில்லை, கடைசியில் தலையில் கப் ஒட்டி உறிஞ்சி இழுக்கும் வாக்யூம் கருவி வைத்து எடுத்தார்கள். பிறந்தபோது மகளின் உச்சந்தலையில் பெரிய வீக்கம். வந்து பார்த்த எல்லோருக்கும் அந்த வீக்கம் நினைவில் நின்றுவிட்டது. பிறகு ஒருநாள், வலது கையும் காலும் சரியாக வேலை செய்யவில்லை என்று டாக்டர் சொன்னபோது குடும்பமே ஒரே குரலில் சொன்னது, "அன்னைக்கே தலையைப் பிடிச்சு இழுத்தாங்களே!"

அந்தப் பதில் நிற்கவில்லை. அதற்காக மருத்துவமனை மேல் தவறே இல்லை என்றும் ஆகிவிடவில்லை. தவறு இருந்தது, நாங்கள் கை காட்டிய இடத்தில் இல்லை, அவ்வளவுதான். குழந்தைக்கு ஏன் இப்படி ஆனது என்பது ஒரு கேள்வி. யார் பொறுப்பு என்பது வேறொரு கேள்வி. இரண்டையும் ஒன்றாகக் குழைத்துக் கேட்டால் இரண்டுக்குமே உருப்படியான பதில் கிடைக்காது. இதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

மகள் நிறைமாதக் குழந்தை. பிறந்தவுடன் அழுதாள், நிறம் நன்றாக இருந்தது, பால் குடித்தாள். இரண்டாம் நாள் வலது கை மட்டும் விட்டு விட்டு, ஒரே தாளத்தில் துடித்தது. என் கணவர் அதை ஆசையாக போனில் வீடியோ எடுத்து, "பாப்பா கை ஆட்டுது பாருங்க" என்று அவர் அம்மாவுக்கு அனுப்பினார். பார்க்க வந்த நர்ஸ் முகம் மாறி, "டாக்டர்கிட்ட சொல்றேன்" என்று போனார். டாக்டர் வரவில்லை. ஷிஃப்ட் மாறியதும் வந்த இன்னொரு நர்ஸ், "பிறந்த குழந்தைங்க இப்படித்தான் திடுக் திடுக்குனு பண்ணும்" என்றார். மறுநாள் டிஸ்சார்ஜ்.

அந்த இரண்டு நர்ஸ்களில் முதலாமவர் சரி. பிறந்த குழந்தைகளின் சாதாரண நடுக்கத்துக்கும் வலிப்புக்கும் வித்தியாசம் பார்க்க எளிய வழி உண்டு. துடிக்கும் கையை மெதுவாகப் பிடித்து மடக்கினால் நடுக்கம் நின்றுவிடும், வலிப்பு பிடித்த கைக்குள்ளும் துடித்துக்கொண்டே இருக்கும். இது மட்டும் போதாது, டாக்டர் பார்த்தே ஆக வேண்டும். ஆனாலும் ஒவ்வொரு பெற்றோருக்கும் இது தெரிந்திருப்பது நல்லது.

ஐந்தாறு மாதத்தில் பொம்மையை இடது கையால் மட்டும் எடுத்தாள். வலது கை மூடியே இருந்தது. "இடது கைப் பழக்கம் போல" என்றார்கள். தடுப்பூசிக்குப் போனபோது கேட்டேன். "சில குழந்தைங்க மெதுவா வருவாங்க, ஒரு வயசு வரைக்கும் பாருங்க" என்று பதில். ஒரு வயதுக்குள் குழந்தைக்கு இடது கைப் பழக்கமோ வலது கைப் பழக்கமோ வருவதில்லை. ஒரு கையை மட்டும் பயன்படுத்துகிறது என்றால் மற்ற கையில் என்ன சிக்கல் என்றுதான் பார்க்க வேண்டும். இதைப் பின்னால்தான் ஒரு ஓ.டி. (அன்றாட வேலைகளுக்குக் கையைப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்) எனக்குச் சொன்னார்.

ஒரு வயது தாண்டி நிற்கப் பழகியபோது வலது குதிகால் தரையில் பதியவில்லை. இந்த முறை நரம்பியல் டாக்டரிடம் போனோம், எம்.ஆர்.ஐ. எடுத்தோம். மூளையின் இடது பாதியில் ஒரு பெரிய தமனி ரத்தம் கொடுக்கும் பகுதி முழுவதும் செத்துத் தழும்பாகி இருந்தது. "பிறந்த சமயத்தில் வந்த ஸ்ட்ரோக்" என்றார் டாக்டர். பெரியவர்களுக்கு வரும் அதே பக்கவாதம். சில ஆயிரம் பிறப்புகளுக்கு ஒன்று என்ற அளவில் வருகிறதாம். பிறந்த முதல் சில நாட்களில் ஒரு பக்கக் கை, கால் மட்டும் துடிப்பது அதன் முக்கிய அறிகுறி. பல குழந்தைகளிடம் அதுவும் கண்ணில் படாமல் போய், நாலைந்து மாதத்தில் ஒரு கை பின்தங்கும்போதுதான் வெளியே தெரியும்.

காரணம் என்ன என்று கேட்டேன். நஞ்சில் (நஞ்சுக்கொடியில்) உருவாகும் சிறிய ரத்தக்கட்டி, குழந்தையின் இதயத்தில் இன்னும் மூடாமல் இருக்கும் துளை வழியாக மூளைக்குப் போய் அடைத்துக்கொள்ளலாம் என்பது ஒரு விளக்கம். தொற்று, ரத்தம் உறைவதில் கோளாறு, பிறவி இதயக் கோளாறு என்று வேறு சிலவும் உண்டு. நிறையக் குழந்தைகளில் இதுதான் என்று ஒன்றைச் சுட்ட முடிவதில்லை.

எனக்கு உடனே நம்பிக்கை வரவில்லை. டாக்டர்கள் டாக்டர்களைக் காப்பாற்றுவார்கள் என்ற எண்ணம் எல்லோரையும் போல எனக்கும் இருந்தது. அதனால் படிக்க ஆரம்பித்தேன்.

சி.பி. என்றால் பிரசவத்தில் நேர்ந்த கோளாறு என்ற எண்ணத்துக்கு வயது அதிகம். 1861ல் லண்டனில் வில்லியம் ஜான் லிட்டில் என்ற எலும்பு மருத்துவர், கடினமான பிரசவம், குறைப்பிரசவம், பிறக்கும்போது மூச்சுத்திணறல் ஆகியவற்றைக் குழந்தைகளின் கைகால் விறைப்போடு சேர்த்துப் பேசினார். வெகுகாலம் இந்த நிலைக்கே லிட்டில் நோய் என்று பெயர். 1897ல் இன்னொருவர் மறுப்புச் சொன்னார், பிரசவம் கடினமானதே கருவில் முன்பே தொடங்கிய கோளாறின் அடையாளமாக இருக்கலாமே என்று. அவர் வேறு யாரும் இல்லை, மனநோய் ஆய்வால் பின்னால் பெயர் பெற்ற ஃபிராய்டுதான். அப்போது அவர் நரம்பியல் மருத்துவர். அந்த மறுப்பை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1986ல் காரின் நெல்சன், ஜோனஸ் எலன்பெர்க் இருவரும் பல்லாயிரம் கர்ப்பங்களின் பதிவுகளை வைத்துச் செய்த ஆய்வு வந்த பிறகுதான், சி.பி. குழந்தைகளில் பெரும்பாலோருக்குப் பிரசவ நேர மூச்சுத்திணறல் காரணமில்லை என்ற பேச்சு வலுத்தது.

என்னை உண்மையாகவே யோசிக்க வைத்தது வேறொன்று. பிரசவத்தின்போது குழந்தையின் இதயத்துடிப்பைத் தொடர்ந்து பதிவு செய்யும் சி.டி.ஜி. இயந்திரம் 1970களில் பரவியது. கூடவே சிசேரியனும் பல மடங்கு கூடியது. பிரசவத்தில் ஆகும் தாமதம்தான் பெரும்பாலும் காரணம் என்றால் நிறைமாதக் குழந்தைகளில் சி.பி. சரசரவென்று குறைந்திருக்க வேண்டும். அப்படிக் குறையவில்லை. எல்லாக் குழந்தைகளையும் சேர்த்துப் பார்த்தாலும் ஆயிரம் பிறப்புக்குச் சுமார் 2 என்ற அளவிலேயே பல பத்தாண்டுகள் நின்றது.

அதற்காகப் பிரசவ நேரத்தில் எதுவுமே நடப்பதில்லை என்று யாராவது சொன்னால் அதையும் நம்ப வேண்டாம். நடக்கிறது. வசதியான நாடுகளில் பத்தில் ஒன்று என்ற அளவில் சொல்கிறார்கள். கவனிப்புக் குறைவான இடங்களில் இந்தப் பங்கு இன்னும் அதிகம். கர்ப்பப்பை கிழிவது, நஞ்சு முன்னதாகவே பிரிவது, தொப்புள்கொடி முன்னால் சரிந்து அழுந்துவது, தோள் சிக்கிக்கொள்வது, இவையெல்லாம் நிமிடக் கணக்கில் மூளையைக் காயப்படுத்தக்கூடியவை.

அப்படி நடந்ததா என்பதைக் கண்டுபிடிக்க தடயங்கள் உண்டு. 2014ல் அமெரிக்க மகப்பேறு மருத்துவர்களும் குழந்தை மருத்துவர்களும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கை அவற்றைத் தொகுத்திருக்கிறது. ஐந்தாவது, பத்தாவது நிமிடங்களில் அப்கார் மதிப்பெண் (பிறந்த குழந்தையின் நிலையைப் பார்த்துப் பத்துக்குப் போடுவது) 5க்குக் கீழே இருந்ததா, தொப்புள்கொடித் தமனி ரத்தத்தில் அமிலம் கூடி அதன் பி.எச். அளவு 7.0க்குக் கீழே போனதா, சிறுநீரகம், கல்லீரல் போன்றவையும் சேர்ந்து பாதித்தனவா, எம்.ஆர்.ஐ.யில் மூளையின் ஆழத்தில் உள்ள சாம்பல்நிறப் பகுதிகளில் காயம் இருக்கிறதா. எல்லாவற்றுக்கும் மேல், குழந்தை பிறந்த முதல் சில மணி நேரத்திலேயே மந்தமாகி, பால் குடிக்காமல், மூச்சுக்குத் தடுமாறி, பிறந்த குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில் (என்.ஐ.சி.யு.) கிடந்ததா. பிரசவத்தில் மூளை அடிபட்டு, அன்று முழுக்கக் குழந்தை நலமாக இருந்து, ஒரு வருடம் கழித்துத் தெரிவது என்பது அநேகமாக நடக்காது. ஒற்றைத் தமனி அடைத்த காயம் என்றால் பிரசவ நேர ஆக்சிஜன் குறைவு காரணமில்லை என்ற பக்கமே அது நம்மைத் தள்ளுகிறது என்றும் அதே அறிக்கை சொல்கிறது.

மகளின் அப்கார் 8, 9. பிறந்த அன்று எந்தச் சிக்கலும் இல்லை. (அப்கார் என்பது குழந்தைக்கு உடனே உதவி தேவையா என்று பார்க்க வர்ஜீனியா அப்கார் 1952ல் உருவாக்கியது. அதை வைத்துக் குழந்தையின் எதிர்காலத்தைக் கணிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும்.) தலையில் இருந்த வீக்கம் மண்டையோட்டுக்கு வெளியே. அடைப்போ உள்ளே ஒரு தமனியில். வாக்யூம் அபாயமே இல்லாத கருவி என்று சொல்லவில்லை, தோலுக்கடியில் ஆபத்தான ரத்தக்கசிவு வரலாம். ஆனால் அது வேறு வகைக் காயம், படத்திலும் வேறு மாதிரி தெரியும்.

தெரபிக்குக் காத்திருக்கும் இடத்தில் உட்கார்ந்திருந்தபோதுதான் சி.பி. என்பது ஒரே நோய் இல்லை என்று புரிந்தது. என் பக்கத்தில் உட்காரும் அம்மாவின் இரட்டைக் குழந்தைகள் ஏழாம் மாதத்தில் பிறந்தவர்கள். குறைமாதக் குழந்தைகளின் மூளையில் நீர்நிறைந்த அறைகளை ஒட்டிய வெள்ளைப் பகுதி மிக மென்மையானது, அதில் வரும் பாதிப்பால் இரண்டு கால்களும் விறைக்கும். சீக்கிரம் பிறக்கப்போகிறது என்று தெரிந்தால் தாய்க்கு மெக்னீசியம் சல்பேட் கொடுப்பதால் இந்த ஆபத்து ஓரளவு குறைகிறது. அவருக்குக் கொடுத்தார்களாம். அப்படியும் ஒருத்திக்கு வந்தது, இன்னொருத்திக்கு வரவில்லை. ஒரே வயிறு, ஒரே டாக்டர், ஒரே மருந்து.

இன்னொரு பையனுக்கு எம்.ஆர்.ஐ. சுத்தமாக இருந்தது. இப்படி இருந்தால் சி.பி. என்ற பெயரோடு நின்றுவிடக் கூடாது. மரபணுக் கோளாறுகள் சில சி.பி. போலவே இருக்கும். அவற்றில் லெவோடோபா மருந்துக்கு நன்றாகக் கேட்கும் ஒரு வகை கூட உண்டு. மாத்திரையால் சரியாகக்கூடிய ஒன்றை வருடக் கணக்கில் பிஸியோவில் வைத்திருப்பது கொடுமை.

நான் மறக்க முடியாதது மூன்றாவது பையன். கைகால் தன்னிச்சையாக முறுக்கிக்கொள்ளும், காதும் சரியாகக் கேட்காது. புத்தி மட்டும் கூர்மை. பிறந்தபோது எந்தச் சிக்கலும் இல்லை. இரண்டாம் நாள் மஞ்சள் காமாலை, மூன்றாம் நாள் உள்ளங்கால் வரை மஞ்சள். அம்மா திரும்பத் திரும்பச் சொல்லியும் ரத்தத்தில் மஞ்சள் நிறம் தரும் பிலிரூபின் எவ்வளவு என்று பார்க்காமலே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். குழந்தை சோர்ந்து, முதுகை வில்லாக வளைத்து அலறியபோது மறுபடி தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நேரம் கடந்துவிட்டது. ஒரு ரத்தப் பரிசோதனையும் நீல விளக்கும், முற்றினால் ரத்தம் மாற்றுவதும் தடுத்திருக்கக்கூடிய பாதிப்பு. அங்கே காரணமும் தவறும் ஒரே இடத்தில் இருந்தன. அவர்கள் வழக்குப் போட்டார்கள், போட்டதுதான் சரி.

இனி ஆவணங்கள். காரணம் தேடினாலும் பொறுப்புத் தேடினாலும் இங்கேதான் ஆரம்பிக்க வேண்டும். சண்டைக்குப் போகும் முன்பே, கோபம் வார்த்தையாக வெளியே வரும் முன்பே, முழுக் கேஸ் ஷீட்டின் நகலைக் கேட்டு எழுத்தில் மனுக் கொடுங்கள், கொடுத்ததற்கு அத்தாட்சி வாங்குங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி போதாது. அது கதைச் சுருக்கம், யாரோ ஒருவர் கடைசியில் உட்கார்ந்து எழுதுவது. உங்களுக்கு வேண்டியது நேரம் போட்டு எழுதிய குறிப்புகள்: பிரசவ முன்னேற்றத்தைப் பதியும் பார்ட்டோகிராம், சி.டி.ஜி. தாள், மருந்துத் தாள், குழந்தையின் தனிக் கோப்பு, முக்கியமாக நர்ஸ் குறிப்புகள். சி.டி.ஜி. பெரும்பாலும் வெப்பத்தால் அச்சாகும் தாள், சில வருடத்தில் மங்கி வெறும் தாளாகிவிடும். கிடைத்த அன்றே ஸ்கேன் செய்துவிடுங்கள். எம்.ஆர்.ஐ.க்கு அறிக்கை மட்டும் வாங்காமல் படங்களை சி.டி.யில் வாங்குங்கள். வேறு நிபுணர் பார்க்க அதுதான் உதவும். பிரசவத்தில் சிக்கல் என்று தோன்றினால் நஞ்சைப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லி அப்போதே கேட்கலாம். எங்களுக்கு அது தெரியாது, நஞ்சு போய்விட்டது.

அப்புறம், நினைவில் இருப்பதை இப்போதே எழுதி வையுங்கள். யார் வந்தார், என்ன சொன்னார், என்ன நேரம். போன் படங்களில் நேரம் தானாகப் பதிந்திருக்கும்.

மகளின் கோப்பில் நாங்கள் தேடிப் போனது வாக்யூம் குறிப்பு. எதற்காக வைத்தார்கள், எத்தனை முறை இழுத்தார்கள், கப் கழன்றதா என்றெல்லாம் ஒழுங்காக எழுதியிருந்தது. பொதுவாக மூன்று இழுப்பில் இறங்கி வராவிட்டால் நிறுத்திவிட்டு வேறு வழி பார்க்க வேண்டும், அவர்கள் அந்த வரம்பைத் தாண்டவில்லை. நாங்கள் தேடாதது நர்ஸ் குறிப்பில் இருந்தது: "வலது கை துடிப்பு, டியூட்டி டாக்டருக்குத் தெரிவிக்கப்பட்டது." அதற்குக் கீழே டாக்டர் எழுதிய ஒரு வரியும் இல்லை. அடுத்த பதிவு டிஸ்சார்ஜ். கணவர் எடுத்த வீடியோவின் நேரமும் அந்தக் குறிப்பின் நேரமும் ஒத்துப்போயின.

வேறு ஊரில் இருந்த, அந்த மருத்துவமனையோடு எந்தத் தொடர்பும் இல்லாத நிபுணர் ஒருவரிடம் மொத்தக் கோப்பையும் கொடுத்தோம். இப்படி வெளி ஆளிடம் காட்டுவது அவசியம். அவர் மழுப்பாமல் பேசினார். பிரசவம் நடத்தியதில் குறை இல்லை. ஸ்ட்ரோக்கைத் தடுத்திருக்கவும் முடியாது. இரண்டாம் நாளே கண்டுபிடித்திருந்தாலும், பிறந்த குழந்தைக்குக் கட்டியைக் கரைத்துச் செத்த பகுதியை மீட்கும் சிகிச்சை வழக்கத்தில் இல்லை. ஆனால் துடிப்பைப் பார்க்க டாக்டர் வராதது தவறு. வந்திருந்தால் வலிப்புக்கு மருந்து தொடங்கியிருக்கும், அந்த வாரமே ஸ்கேன் எடுத்திருப்பார்கள், மூன்று நான்கு மாதத்திலேயே தெரபி ஆரம்பித்திருக்கும். "தவறால் சி.பி. வரலை. தவறால் ஒரு வருஷம் போச்சு" என்றார்.

அந்த ஒரு வருடம் சின்ன விஷயம் இல்லை. குழந்தையின் தானியங்கி அசைவுகளைக் கவனிப்பது, ஹேமர்ஸ்மித் நரம்புப் பரிசோதனை, எம்.ஆர்.ஐ. இவற்றை வைத்து ஆறு மாதத்துக்குள்ளேயே சி.பி.யை ஓரளவு உறுதியாகச் சொல்லலாம் என்று 2017லேயே பன்னாட்டு நிபுணர் குழு எழுதிவிட்டது. மூளை வேகமாக வளரும் காலத்தில் கையைப் பயன்படுத்த வைத்தால்தான் பலன் அதிகம். "ஒரு வயசு வரைக்கும் பாருங்க" என்பது இன்றைய நிலையில் அறிவுரையே இல்லை.

வக்கீலிடமும் போனோம். அவர் சொன்னதன் சாரம்: டாக்டருக்கு உங்கள் மேல் கடமை இருந்தது, அதில் தவறினார், உங்களுக்குப் பாதிப்பு வந்தது, தவறியதால்தான் அந்தப் பாதிப்பு வந்தது. இந்த நான்கையும் நிரூபிக்க வேண்டும். பிறப்புக் காய வழக்குகள் பெரும்பாலும் நான்காவதில்தான் உடைகின்றன. விளைவு மோசம் என்பதே தவறுக்குச் சாட்சி ஆகாது. ஒரு சிகிச்சை கொடுக்கப்படவில்லை என்பதும் தானாகத் தவறாகிவிடாது. மூச்சுத்திணறலுக்குப் பின் குழந்தையின் உடலை ஆறு மணி நேரத்துக்குள் 33–34 டிகிரிக்குக் குளிரவைத்து 72 மணி நேரம் வைக்கும் சிகிச்சை வளர்ந்த நாடுகளில் வழக்கம். அதே சிகிச்சையை இந்தியா, இலங்கை, வங்கதேசத்தில் சோதித்த ஹீலிக்ஸ் ஆய்வில் பலன் தெரியவில்லை, இறப்பு கூடியது என்று 2021ல் வெளியானது. ஏன் குளிரவைக்கவில்லை என்று கேட்பதற்கு முன் இதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

டாக்டரின் பொறுப்பு கையால் செய்வதோடு முடிவதும் இல்லை. 2015ல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் மாண்ட்கோமரி வழக்கில் தீர்ப்புச் சொன்னது. சர்க்கரை நோய் உள்ள தாய், சிறிய உடல்வாகு. தோள் சிக்கும் வாய்ப்பு 9–10 சதவீதம். சொன்னால் சிசேரியன் கேட்பார்கள் என்று டாக்டர் சொல்லவே இல்லை. தோள் சிக்கியது, 12 நிமிடம் ஆக்சிஜன் இல்லாமல் பிறந்த குழந்தைக்கு சி.பி. வந்தது. தோள் சிக்கும் அபாயத்தைத் தாயிடம் சொல்லி அவரையே முடிவெடுக்க விட்டிருக்க வேண்டும் என்றது நீதிமன்றம். மற்ற டாக்டர்களும் சொல்லமாட்டார்கள் என்ற வாதம் எடுபடவில்லை.

எனக்குப் பிடித்த ஏற்பாடு ஜப்பானுடையது. 2009 முதல் அங்கே, தகுதியுள்ள பிரசவங்களில் கடுமையான சி.பி. வந்தால் தவறை நிரூபிக்காமலே குடும்பத்துக்கு உதவித்தொகை கிடைக்கிறது. தனியாக ஒரு குழு என்ன நடந்தது என்று ஆராய்ந்து பெற்றோருக்கும் மருத்துவமனைக்கும் அறிக்கை தருகிறது. குழந்தையின் செலவு ஒரு பக்கம், உண்மை ஒரு பக்கம். மற்ற இடங்களில் உண்மை தெரியவே வழக்குப் போட வேண்டியிருக்கிறது. வழக்கு வந்ததும் எல்லோரும் வாயை மூடிக்கொள்கிறார்கள்.

நாங்கள் வழக்குப் போடவில்லை. எங்களுக்கிருந்த ஆதாரத்தில் நான்காவது படி ஏறாது என்று வக்கீல் நேராகவே சொன்னார். யாருக்கும் இதை வழியாகக் காட்டமாட்டேன், மஞ்சள் காமாலைப் பையனின் அம்மா எங்களைப் பார்த்து ஒதுங்கியிருந்தால் அது அநியாயம். முடிவு எதுவானாலும் வக்கீலைச் சீக்கிரம் பாருங்கள். வழக்குக்குக் காலவரம்பு உண்டு. குழந்தைகள் விஷயத்தில் அது எப்போது தொடங்குகிறது என்பது நாட்டுக்கு நாடு மாறும்.

மருத்துவமனைக்குக் கடிதம் எழுதினோம். வாக்யூம் பற்றி ஒரு சொல்லும் இல்லை. நர்ஸ் குறிப்பின் நகல், வீடியோவின் நேரம், மூன்று கேள்விகள்: டாக்டருக்கு உண்மையிலேயே தகவல் போனதா, போனால் ஏன் வரவில்லை, இனி இப்படி நடக்காமல் இருக்க என்ன செய்யப்போகிறீர்கள். முதலில் வந்தது மழுப்பல் பதில். திரும்ப எழுதியதும் கூப்பிட்டுப் பேசினார்கள். தகவல் போனது, அந்த டாக்டர் அப்போது ஆபரேஷன் அறையில் இருந்தார், ஷிஃப்ட் மாறும்போது விஷயம் கைமாறவில்லை என்று ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்தார்கள். நர்ஸ் குறிப்பில் அசாதாரணம் இருந்தால் டாக்டர் பார்த்து நேரம் போட்டுக் கையெழுத்திடாமல் டிஸ்சார்ஜ் இல்லை என்று விதியும் வைத்திருப்பதாகச் சொன்னார்கள். வாக்யூமைப் பிடித்துக்கொண்டு போயிருந்தால் "எல்லாம் முறைப்படி நடந்தது" என்ற ஒரே வரியோடு அனுப்பியிருப்பார்கள். அந்த வரியில் பொய்யும் இருந்திருக்காது.

மகளுக்கு இப்போது நல்ல கையில் மென்மையான உறை போட்டு, பலவீனமான கையால் விளையாட வைக்கும் தெரபி நடக்கிறது. பிறகு இரண்டு கையும் சேர்த்துச் செய்யும் வேலைகள். வலிப்பு மறுபடி வரலாம் என்பதால் அதற்கும் தொடர் கவனிப்பு.

இரண்டாவது குழந்தை பற்றிப் பேச்சு வந்தபோது, "இந்த முறை நேரா சிசேரியன்தான்" என்று வீட்டில் முடிவே செய்துவிட்டார்கள். டாக்டரைக் கேட்டேன். ஸ்ட்ரோக் அடுத்த குழந்தைக்கும் வருவது மிக அரிது என்றார். எனக்கும் மகளுக்கும் ரத்தம் உறையும் தன்மையைச் சோதிக்க வேண்டுமா என்பதைக் குருதியியல் டாக்டரோடு பேசி முடிவெடுக்கச் சொன்னார். மகளுக்கு நடந்ததை மட்டும் வைத்து சிசேரியன் செய்ய மருத்துவக் காரணம் எதுவும் இல்லை என்றார்.